காற்றுகூடப் போகாத ஒட்டு

திங்கட்கிழமை காலை, பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போது கார் டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. எரிந்ததோடு விட்டதா, அணைய மாட்டேன் என்று அடமும் பிடித்தது. தாட்சாயிணி அதை ஒரு முறை முறைத்தாள். அவள் முறைத்தால் ஃபேக்டரியில் சூப்பர்வைசர்களே பேச்சை மாற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். விளக்கு மசியவில்லை.

"இன்னாடி அது, மஞ்சளா?" பக்கத்து சீட்டிலிருந்து நாகம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்ஜின் லைட்டு. நீ கம்முனு குந்து."

"எரிஞ்சா இன்னா ஆவும்?"

இன்ஜினுக்கு என்ன ஆகும் என்று தாட்சாயிணிக்குத் தெரியாது. வீட்டில் என்ன ஆகும் என்று நன்றாகவே தெரியும். அவள் கணவர் திருவேங்கடம் இந்தக் காரை விற்பதற்கு ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். இதோ, சாக்கு தானாகவே விளக்குப் போட்டுக்கொண்டு வந்துவிட்டது.

அந்த மனிதரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால், நல்ல மழையில், பூந்தமல்லி பைபாஸ் வளைவில் காரை டிவைடரில் ஏற்றிவிட்டார். பக்கத்தில் தாட்சாயிணி. இருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை, பம்பர் மட்டும் போயிற்று. ஆனால் வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டியவர் அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. காருக்கு உறை போட்டு மூடினார், பைக்கில் வேலைக்குப் போனார். தாட்சாயிணி ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்காத வாய் அந்தத் தெருவில் இல்லை. எல்லா வாய்க்கும் பதில் சொன்னாள், லைசென்ஸும் வாங்கினாள், உறையை உருவித் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள்.

அன்றிலிருந்து காலை ஷிப்டுக்கு அந்தக் கார்தான். முன் சீட்டில் நாகம்மா, பின் சீட்டில் சிம்ரன் என்கிற சின்னப்பெண். மூன்று பேரும் ஆவடியில் ராணுவ வண்டி செய்கிற ஃபேக்டரியில் ஒயரிங் செக்‌ஷன். சிம்ரனுக்குக் கார் இல்லாவிட்டால் பஸ். நாகம்மாவின் கதை அப்படி இல்லை. சின்ன வயதில் போலியோ வந்து அவளுடைய இடது காலில் இரும்புப் பட்டை. ஷேர் ஆட்டோவில் ஏற வேண்டுமென்றால் யாராவது கையைப் பிடித்து, மூட்டையைத் தூக்குவதுபோல் அவளை இழுத்துப் போட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் 'நேரமாச்சு' என்று முகம் சுளிப்பார்கள். அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்தே, 'வேலைய எழுதிக் குடுத்துடறேன்டி' என்று அவள் சொல்ல ஆரம்பித்திருந்தாள். வேலையை விட்டால் அண்ணன் வீட்டில் ஒரு மூலைதான் கதி. காரில் வரத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. கார் போனால் பேச்சு திரும்பி வரும். விளக்கைப் பார்க்கப் பார்க்க தாட்சாயிணிக்கு அதுதான் நெஞ்சில் உறுத்தியது.

சாயங்காலம் நேராக முகமது ஆசிக்கின் கடைக்கு விட்டாள். ஏரிக்கரை ரோட்டில் தகரக் கூரை போட்ட மெக்கானிக் ஷெட். ஆசிக் வண்டியில் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"ஆக்சிஜன் சென்சார் பூடுச்சுக்கா."

"அது இன்னாத்துக்கு?"

"சைலன்சருக்குப் போற பொகைய மோந்து பாக்கும். அதுல எவ்ளோ ஆக்சிஜன் மிச்சம் கீதுன்னு, வெளிய கீற நல்ல காத்தோட ஒப்பிட்டுப் பாத்து, கம்ப்யூட்டராண்ட சொல்லும். அத்த வெச்சுதான் வண்டி பெட்ரோல கூட்டிக் கொறச்சு வுடும். இப்ப இது செத்துட்டதால கண்ணு தெரியாம ஊத்திக்கினு கீது. பெட்ரோலு சீக்கிரம் தீர்ல?"

தீர்ந்துகொண்டுதான் இருந்தது. அதை அவள் வீட்டில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"சரி, மாத்து."

"மாத்தறதுக்கு ரெண்டு வழி கீது." ஆசிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "ஒரிஜினல்னா பிளக்கோட வரும். சொருகினா வேலை முடிஞ்சுது. ஆனா வெலை ஜாஸ்தி. அம்பத்தூர்ல ஆர்டர் குடுத்தா ஆயுத பூஜைக்கு அப்பாலதான் கைக்கு வரும். இன்னொண்ணு யுனிவர்சல். உள்ள கீறது அதே சாமான்தான், நெறய வண்டிக்கு ஒத்துப்போவும், ஆனா பிளக் இருக்காது. நாலு ஒயரு மொட்டையா தொங்கும். பழசோட பிளக்க வெட்டி இதோட ஒட்டு போடணும். அது நாளைக்கே கெடைக்கும். என்னக் கேட்டா ஒரிஜினல் போடுக்கா. ஒட்டுன்னாலே ஒரு ரோதனை."

ஒட்டு என்றதும் தாட்சாயிணிக்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் வந்து என்ன சொல்கிறான் இவன்! அவளுடைய செக்‌ஷனில் அவள் வைத்த சால்டர் ஒன்றுகூட இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து திரும்பி வந்ததில்லை. பாலைவனத்தில் குலுங்கிக் குலுங்கி ஓடுகிற ராணுவ வண்டிகளெல்லாம் அவள் போட்ட ஒட்டை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனாலும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பினாள்.

வீட்டில் திருவேங்கடம் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டார். அவரும் அதே ஃபேக்டரிதான், ஸ்டோர்ஸில். அவரிடம் போய் 'அதுக்கு பதிலா இத்த குடுங்க' என்ற பேச்சே எடுபடாது. பார்ட் நம்பரில் கடைசி எழுத்து மாறியிருந்தால் ஜெனரல் மேனேஜரே வந்து நின்றாலும் சாமான் நகராது.

"யுனிவர்சலா? ஊருக்கே தெச்ச சட்டை எவனுக்கு ஒழுங்கா இருந்துது? போட்டா ஒரிஜினல் போடு. இல்லாங்காட்டி வித்துட்டு நிம்மதியா இரு."

"ஒரிஜினல் வர ஆயுத பூஜை தாண்டுமாம்."

"நல்லதாப் போச்சு. திருவேற்காட்டு ஜெயராமன் ஞாயித்துக்கிழமை வண்டியப் பாக்க வராரு. பையன் ஓட்டிப் பழகறதுக்கு ஒரு பழைய காரு வேணுமாம்."

ஓஹோ, ஆள் வரைக்கும் பேசி முடித்தாகிவிட்டதா! தாட்சாயிணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கரண்டியை ரசச் சட்டிக்குள் போட்ட வேகத்தில் ரசம் சுவருக்குத் தெறித்தது.

"அவரு வர்றதுக்குள்ள லைட்டு அணைஞ்சு, அணைஞ்ச மேனிக்கே இருந்தா?"

"இருந்தா... அப்பப் பாக்கலாம்."

"பாக்கலாம்லாம் வேணாம். வண்டி என்னாண்டதான் இருக்கும். சரியா?"

அவர் சுவரில் வழிந்த ரசத்தைப் பார்த்தார். "சரி. மறுபடியும் எரிஞ்சா?"

"என் கையாலயே சாவிய எடுத்து ஜெயராமனாண்ட குடுக்கறேன், போதுமா?"

கோபத்தில் வாயைக் கொடுத்துவிட்டு, ராத்திரி படுக்கையில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஆசிக் அம்பத்தூரிலிருந்து யுனிவர்சல் சென்சாரை வாங்கி வந்து வைத்திருந்தான். பெட்டிக்குள் சென்சாரோடு குட்டிக் குட்டியாக நாலு உலோகக் குழாய்களும் இருந்தன. ஒயர் முனைகளை இரண்டு பக்கமும் அதற்குள் விட்டு, கிரிம்பிங் பிளேயரால் நசுக்கினால் ஒட்டு தயார். ஆசிக் குழாயைக் கையில் எடுத்தான்.

"அத்த கீழ போடு," என்றாள் தாட்சாயிணி. "நசுக்கறதுக்குப் பேரு ஒட்டா? தள்ளு."

வீட்டிலிருந்து சொந்த சால்டரிங் அயர்னைக் கொண்டுவந்திருந்தாள். வெட்டினாள், சீவினாள், முறுக்கினாள், ஈயத்தை உருக்கி வார்த்தாள். எது எதோடு சேர வேண்டும் என்று ஆசிக் பார்த்துப் பார்த்துச் சொன்னான். ஒவ்வொரு ஒட்டின் மேலும் உள்ளே கோந்து தடவிய பிளாஸ்டிக் ஸ்லீவைப் போட்டுச் சூடு காட்டினாள். அது சுருங்கிக் கப்பென்று பிடித்துக்கொண்டது. ஆசிக் வாயைப் பிளந்தான்.

"அக்கா, நகை மாரி கீதுக்கா!"

"ஏரில போட்டு ஊற வெச்சாலும் ஒண்ணும் ஆவாது. தண்ணிய வுடு, காத்துகூட உள்ள போவாது."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு பெருமை. மிச்சமான குழாய்களை வீட்டுக்கு வந்ததும் குப்பைக்கூடையில் எறிந்தாள்.

விளக்கு அணைந்தது. புதன்கிழமை முழுக்க எரியவில்லை. வியாழக்கிழமையும் எரியவில்லை. திருவேங்கடம் சாயங்காலம் வாசலில் நின்ற காருக்குள் தலையை விட்டு டாஷ்போர்டைப் பார்ப்பார், உள்ளே போய்விடுவார். தாட்சாயிணி வேண்டுமென்றே சத்தமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு இட்லிக்கு ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை காலை தூறல். கண்ணாடியை ஏற்றிவிட்டு மூன்று பேரும் உள்ளே வெந்துகொண்டிருந்தார்கள்.

"கண்ணாடிய கொஞ்சம் எறக்குடி, மூச்சு முட்டுது," என்றாள் நாகம்மா.

தாட்சாயிணி இறக்கினாள். அப்போது பார்த்தால், மஞ்சள் விளக்கு. வண்டி சிக்னலில் நிற்கும்போது குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. ஜெயராமன் வருகிற விஷயம் நாகம்மாவுக்கும் தெரியும். அவள் மடியிலிருந்த பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபேக்டரி கேட்டில் இறங்கியதும், "பரவால்ல வுடு," என்றாள். "உன்னால முடிஞ்சத செஞ்ச. எனக்கும் வயசாவுதுல்ல. எழுதிக் குடுத்துடறேன்."

"வாய மூடு. இன்னும் ரெண்டு நாள் கீது."

"சரி, கத்தாத." நாகம்மா பட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். "ஆமா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். உன் ஊட்டுக்காரரு ஏன் தெனம் நம்ம பின்னாலயே வராரு?"

"யாரு? எங்க ஊட்டுக்காரரா?"

"அந்த சைடு கண்ணாடில தெர்தே. ஹெல்மெட்டு, ஹேண்டில்பார்ல மஞ்சப் பை. நம்ம ஸ்லோ பண்ணா அவரும் ஸ்லோ பண்றாரு. நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கினு வரீங்கன்னு நெனச்சேன்."

தாட்சாயிணி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவருக்கு ஷிப்ட் ஒரே நேரம்தான், ஆனால் ஸ்டோர்ஸ் கேட் வேறு பக்கம், அதற்குப் போகிற ரோடும் வேறு. அந்தப் பையில் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது அவள்தான். தினமும் பின்னால் வந்த அந்தப் பை அவள் கண்ணில் ஒரு நாளும் படவில்லை.

சாயங்காலம் ஆசிக்கின் கடையில் வெடித்தாள். காலையிலிருந்து அடக்கிவைத்த கோபமெல்லாம் அந்தப் பையன் தலையில் இறங்கியது.

"ஓட்ட சாமான் வாங்கியாந்து குடுத்து என்ன டபாய்க்கிறியா?"

ஆசிக் ஸ்கேனரைக் காட்டினான். சென்சாரின் கோடு அசையாமல் அடியில் படுத்துக் கிடந்தது. "இது ஏறி எறங்கி ஆடிக்கினே இருக்கணும். பேசவே மாட்டேங்குதுக்கா. ஆனா சாமான் மேல பழி போடாத. போன மாசம் ரெண்டு வண்டிக்கு இதே யுனிவர்சல்தான் போட்டேன். ரெண்டும் சோக்கா ஓடிக்கினு கீது."

"அதுக்கெல்லாம் ஒட்டு போட்டது யாரு?"

"நான்தான். அந்தக் குழாய வெச்சு நசுக்கினேன்."

"ஏன் சால்டர் வெக்கல?"

"எனக்குத் தெர்லக்கா. பெட்டில குழாய் இருந்துது, நசுக்கினேன்."

அவள் திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அதே சாமான். அதே மெக்கானிக். அந்த இரண்டு வண்டிகளும் ஓடுகின்றன, இது ஓடவில்லை. நடுவில் வித்தியாசம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. என் ஒட்டா? என் ஒட்டிலா குறை? வீடு போகிற வரைக்கும் அதை நினைத்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் திருவேங்கடம் போனில், "ஆமாங்க, ஞாயித்துக்கிழமை காலைல வாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையைப் பற்றிக் கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்டால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. கேட்கவில்லை.

சனிக்கிழமை லீவு. மத்தியானம் சமையலறையில், வெட்டிய பிறகு எறிய மனசில்லாமல் எடுத்துவைத்திருந்த சென்சார் ஒயர்த் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளிக் காற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் என்று ஆசிக் சொன்னானே. பொட்டு ஓட்டைகூட இல்லாமல் மூடிக் கிடக்கிற அந்தச் சாமானுக்குள் வெளிக்காற்று எந்த வழியாகப் போகும்? நேற்று காரில் நாகம்மா மூச்சு முட்டுகிறது என்றாளே. இதுவும் எதன் வழியாகவாவது மூச்சு விட்டாக வேண்டுமே!

செக்‌ஷனில் ஸ்லீவ் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு வேலை செய்வார்கள். ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறு முனையில் ஊதிப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் ஓட்டை. அவள் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். ஒயர்த் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறு முனையை உதட்டில் வைத்துக் கன்னம் உப்ப ஊதினாள். பொடிப் பொடியாக நீர்க்குமிழிகள் கிளம்பின. செப்புக் கம்பிகளுக்கு இடையே, ரப்பருக்கு உள்ளே, காற்று போய்க்கொண்டிருந்தது.

சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணி அந்த முனையில் ஈயத்தை வார்த்தாள். அழகான ஒட்டு, பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மறுபடி தண்ணீரில் விட்டு ஊதினாள். கண் பிதுங்க ஊதினாள். ஒரு குமிழிகூட வரவில்லை.

தண்ணிய வுடு, காத்துகூட உள்ள போவாது. அவளுடைய சொந்த வார்த்தை அவள் முகத்திலேயே வந்து அறைந்தது. இருபது வருடமாக எதற்கு எல்லாரிடமும் பாராட்டு வாங்கினாளோ, அதையே கொண்டுபோய் வைத்து அந்த சென்சாரின் மூச்சை அடைத்திருக்கிறாள்.

"இன்னா, டம்ளர்ல ஊதிக்கினு கீற?" வாசற்படியில் திருவேங்கடம்.

"தப்பு என்னுதுங்க," என்றாள். "சாமான்ல கொறை இல்ல. ஆசிக் மேல கொறை இல்ல. அது ஒயரு வழியாத்தான் மூச்சு வுடுது. நான் ஈயம் ஊத்தி, கோந்து போட்டு அடைச்சுட்டேன். குழாய் போட்டு நசுக்கியிருந்தா சந்துல காத்து போயிருக்கும். அந்தக் குழாயையும் திமிர்ல குப்பைல போட்டுட்டேன். இன்னிக்கு அம்பத்தூர்ல கடை தொறந்திருக்குமான்னுகூடத் தெர்ல."

நான்தான் அப்போதே சொன்னேனே என்று அவர் ஆரம்பிப்பார், ஆரம்பிக்கட்டும், வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவரோ உள்ளே போனார். அலமாரி இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அவள் முன்னால் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை வைத்தார். உள்ளே அந்தக் குழாய்கள். உறை மேல் பேனாவால், 'கார் – சென்சார் – ஒயர் குழாய்' என்று எழுதியிருந்தது.

"குப்பைக்கூடைல கெடந்துது. புது சாமான எப்படித் தூக்கிப் போடறது?" என்றார் ஸ்டோர்ஸ்காரர். இதைக் கொடுத்தால் ஜெயராமன் வெறுங்கையோடு போகவேண்டி வரும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். இருந்தாலும் கொடுத்தார்.

ஆசிக்கின் கடையில் தாட்சாயிணி தன் ஒட்டுகளைத் தானே வெட்டினாள். முதல் ஒட்டில் கட்டிங் பிளேயரை வைத்ததும் கை தயங்கியது. நல்ல ஒட்டு, செக்‌ஷனில் வைத்தால் புதுப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டிப் போட்டாள். ஆசிக் குழாய்களைப் போட்டு நசுக்கினான். இந்தத் தடவை கோந்து இல்லை. காரணத்தைச் சொன்னதும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "இத்தினி நாளா ஏன்னே தெரியாம நசுக்கிக்கினு இருந்தேனே அக்கா!"

"நேத்து கத்தினது மனசுல வெச்சுக்காத."

"நீ கத்தலன்னாதான் பயமா இருக்கும்."

வண்டியைக் கிளப்பினான். ஸ்கேனரில் கோடு ஒரு நிமிடம் படுத்துக் கிடந்தது. பிறகு எழுந்தது. ஏறியது, இறங்கியது, ஆட ஆரம்பித்தது. "பேசுதுக்கா, பேசுது!" என்று ஆசிக் கத்திய கத்தலில் பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயராமன் வெள்ளை வேட்டியில் வந்தார். பேச்சுக்காரர். பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஒயரைப் பார்த்து, "இன்னாம்மா, இங்க ஒட்டு போட்டு கீது?" என்றார்.

"யுனிவர்சல் சென்சாரு. மொதல்ல நான் தப்பா ஒட்டினேன், நேத்து சரி பண்ணோம்," என்றாள் தாட்சாயிணி. எதையும் மறைக்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

"ஓட்டிக் காட்டும்மா பாப்போம். நேத்து அணைச்ச லைட்டு இன்னிக்கு எரிஞ்சுதுன்னா?"

ஜெயராமன் முன்னால் உட்கார்ந்தார், திருவேங்கடம் பின்னால். அவள் ஓட்டுகிற காரில் அவர் ஏறுவது அதுதான் முதல் தடவை. திருவேற்காடு வரைக்கும் பேச்சில்லை, அதாவது ஜெயராமன் தவிர யாரும் பேசவில்லை. பூந்தமல்லி பக்கம் திரும்பியதும் சொல்லிவைத்தாற்போல் மழை பிடித்துக்கொண்டது. பின் சீட்டிலிருந்து அவள் சீட்டின் முதுகை இரண்டு கை இறுகப் பிடிப்பது அவளுக்குத் தெரிந்தது.

"அந்த வளைவு வருதுங்க," என்றாள், பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்க்காமல்.

"தெரியும்."

"கண்ணாடிய கொஞ்சம் எறக்கி வுட்டுக்கங்க. மூச்சு நல்லா வரும்."

கியரைக் குறைத்தாள். வேகத்தைக் குறைத்தாள். டிவைடர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, மெதுவாகப் பின்னால் போயிற்று. கைகள் சீட்டை விட்டன. டாஷ்போர்டில் விளக்கு எரியவில்லை. ஜெயராமன் தன் மச்சான் வாங்கிய மனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார், வளைவு வந்ததும் போனதும் அவருக்குத் தெரியாது.

வீட்டு வாசலில் இறங்கியதும் ஜெயராமன் காரின் தலையில் தட்டினார். "வண்டி ஜம்முனு கீது. நீங்க சொன்ன வெலைக்கு மேலயே தரேன் திருவேங்கடம். சாவிய இப்பவே குடுங்க."

இது வேறு வந்து சேர்ந்ததா! ரிப்பேர் பண்ணியது அவளுக்கே வினையாக முடியும் போலிருந்தது. 'சரின்னு சொன்னீங்களே' என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொன்ன வார்த்தையைக் காட்டிப் பிடுங்கி வாங்கினால் கார் இருக்கும், அவர் பயமும் அப்படியே இருக்கும். நாளைக்கு வேறு ஏதாவது விளக்கு எரியும், வேறு ஒரு ஜெயராமன் வருவார். அவராகச் சொல்ல வேண்டும். சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றாள்.

திருவேங்கடம் மழையில் நனைந்த காரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இல்லிங்க," என்றார். "நாளைக்குக் காலைல நாகம்மா காத்துக்கினு நிப்பாங்க."

"யாரு நாகம்மா?"

"இவளோட சிநேகிதி. அவங்களால ஆட்டோல ஏற முடியாது. தப்பா நெனச்சுக்காதீங்க. டீ சாப்ட்டுப் போங்க."

ஜெயராமன் டீ சாப்பிட்டு, அடுத்த கார் எங்கே கிடைக்கும் என்று ஆசிக்கின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் தாட்சாயிணி கேட்டாள்.

"மஞ்சப் பைய மாட்டிக்கினு என் பின்னால வர்றது எத்தினி நாளா?"

அவர் திருட்டு முழி முழித்தார். "மொத நாள்லேர்ந்தே."

"நான் ஒழுங்கா ஓட்ட மாட்டேன்னா?"

"நீ நல்லாத்தான்டி ஓட்ற. எனக்குத்தான் பயம். அன்னிக்கு வண்டி டிவைடர்ல ஏறினப்ப, பக்கத்துல நீ இருக்கியா இல்லியான்னு திரும்பிப் பாக்கவே எனக்கு தைரியம் இல்ல. இன்னமும் கண்ண மூடினா அதான் வருது. வண்டியே இல்லன்னா பயமும் இருக்காதுன்னு பாத்தேன்." வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கு அந்த வளைவுல கண்ண மூடல."

அவளிடம் எப்போதும் தயாராக இருக்கும் கோபத்தைத் தேடினாள், கிடைக்கவில்லை. அவர் மேல் அவ்வளவு பிரியம் வந்தது. அதைக் காட்டிக்கொள்ளத் தெரியாமல் டீ டம்ளர்களைச் சத்தமாக அடுக்கினாள்.

"நாளைலேர்ந்து எதுக்கு ரெண்டு வண்டி? உள்ளயே குந்திக்கினு வாங்க. ஸ்டோர்ஸ் கேட்ல எறக்கி வுடறேன்."

"முன்னாடியா?"

"ஆசையப் பாரு. முன்னாடி நாகம்மா. நீங்க சிம்ரனோட பின்னாடி."

திங்கட்கிழமை காலை தூறல் விட்டிருந்தது. நாகம்மா தெருமுனையிலிருந்து நடந்தே வந்துவிட்டாள், கார் நிற்கிறதா என்று நேரில் பார்க்காமல் அவளுக்குத் தூக்கமில்லை. முன் கதவைப் பிடித்துக்கொண்டு நிதானமாக, யார் கையும் இல்லாமல், ஏறி உட்கார்ந்தாள். தாட்சாயிணி சாவியைத் திருப்பினாள். விளக்குகளெல்லாம் ஒரு முறை எரிந்து, ஒன்று பாக்கியில்லாமல் அணைந்தன. பின் சீட்டில் திருவேங்கடம் மடியில் மஞ்சள் பையோடு வந்து உட்கார்ந்தார்.

நாகம்மா திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னா அண்ணாத்தே, எங்க தாட்சா மேல அவ்ளோ நம்பிக்கையா?"

அவர் தலையைத் தொட்டுப் பார்த்தார். ஹெல்மெட். பழக்கதோஷத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கி உள்ளே போய், இரண்டு வருடத்துக்கு முன்னால் கார் சாவியை மாட்டிய அதே ஆணியில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு வந்தார்.